பழங்கடனும் நாணயமும்

(நமது சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் தமிழாசிரியர் ஒருவர் நிகழ்த்திய சொற்பொழிவு)



இலக்கணமோ இலக்கியமோ பேசுதற்கன்றி வேறொன்றற்கும் என்னை இம்மேடைக்கு இதுகாறும் யாரும் அழைத்ததில்லை. சென்ற வாரம் நம் காரியதரிசியவர்கள் என் இல்லத்திற்கு எழுந்தருளி, "பண்டிதரே, இம்மாதம் பழங்கடன் விஷயமாகத் தாங்கள் பேசவேண்டும்; நம்மவர் பலர் 'சிபில்' என்னும் சொல்லைக் கேட்டாலே நடுங்குகின்றனர்" என்றார்கள். "அதற்கு வக்கீல்கள் உளரே" என்றேன். "வக்கீல் சட்டத்தைச் சொல்வார், பட்டவர் சொன்னாலன்றோ நம்மவர் காதில் ஏறும்!" என்று விடை வந்தது. யான் பட்டவனென்பது அவர்களுக்கு எவ்வாறு தெரிந்ததென்று கேட்டிலேன். நம்மூரில் எதுதான் மறைகின்றது?

ஆகவே, என் குற்றத்தை முதற்கண் சொல்லிவிடுகின்றேன்.

2010 ஆம் ஆண்டில் எங்கள் பள்ளியின் ஆசிரியர் அறைக்கு ஒரு வங்கியின் பிரதிநிதி வந்தார். ஆயுள் முழுதும் கட்டணமில்லை என்று சொல்லி எல்லோருக்கும் கிரெடிட் கார்டு எழுதிக்கொண்டார். யானும் கையொப்பமிட்டேன். இரண்டாண்டு ஒழுங்காகச் செலுத்தி வந்தேன். 2012 இல் என் தங்கையின் திருமணத்திற்குப் பாத்திரங்களும் துணிகளும் அவ்வட்டையைக்கொண்டு வாங்கினேன். அடுத்து வந்த கணக்கில், இல்லையென்று சொல்லப்பட்ட ஆண்டுக் கட்டணம் ஏறியிருந்தது. மறுத்து இரண்டு கடிதம் எழுதினேன், விடையில்லை. சினம் மேலிட்டு, கட்டணத்தை மட்டுமன்றிப் பாத்திரத்திற்கும் துணிக்கும் உரிய பாக்கியையும் நிறுத்திவிட்டேன். அன்று நின்ற பாக்கி ரூ. 11,400. கட்டணம் அவர்கள் தவறு. பாக்கி என் கடன். இரண்டையும் ஒரு மூட்டையாகக் கட்டி, என் பக்கமே நியாயமென்று எண்ணிக்கொண்டது என் பேதைமை. சிலகாலம் தொலைபேசியில் அழைத்தனர். பின்னர் யான் வேறூருக்கு மாற்றலாகி, எண்ணையும் மாற்றிக்கொண்டேன். கடனும் என்னை மறந்ததென்றே கருதினேன்.

2023 இல் என் மகளுக்குப் பொறியியற் கல்லூரியில் இடங் கிடைத்தது. கல்விக்கடன் வேண்டி ஒரு வங்கிக்குச் சென்றோம். பெற்றோரும் உடன்கடனாளியாகக் கையொப்பமிட வேண்டுமாதலின் என் பான் எண்ணைக் கேட்டனர். சிறிது நேரத்தில் மேனேஜர் கம்பியூட்டர்த் திரையை என் பக்கந் திருப்பினார். பதினோராண்டுக்கு முந்திய அவ்வட்டைக் கணக்கு அங்கே நின்றது. அதன்நேரே 'ரிட்டன் ஆஃப்' என்று எழுதியிருந்தது. அதனைத் தமிழிற் பெயர்த்து, 'தள்ளுபடி!' என்று மனத்துள் மகிழ்ந்தேன். "ஐயா, அவர்களே தள்ளுபடி செய்துவிட்டனரே, பின் என்ன தடை?" என்று கேட்டும் விட்டேன். மேனேஜர் என் மகளை ஒருமுறை பார்த்து, "ஐயா, அதுதானே தடை!" என்றார். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். முப்பது பிள்ளைகட்கு முன்னின்று நாள்தோறும் சொற்பொருள் விளக்கும் யான், ஒரு சொல்லின் பொருள் தெரியாமல் என் மகள் முன்னே நின்ற அந்நாளை இன்றும் மறந்திலேன்.

அச்சொல்லை முதலில் விளக்குதல் என் தொழிற்கு உரியது. 'தள்ளுபடி' என்னும் ஒரே சொல்லால் நாம் மூன்று வேறு பொருள்களை வழங்குகின்றோம். துணிக்கடைக்காரர் விலையைக் குறைப்பதும் தள்ளுபடி. அரசாங்கம் பயிர்க்கடனை வேண்டாமென்று விடுவதும் தள்ளுபடி. வங்கி தன் ஐந்தொகையில், இக்கடன் வசூலாதல் அரிதென்று கருதிச் சொத்துக் கணக்கினின்றும் நீக்கி வைப்பதையும் செய்தித்தாள்கள் தள்ளுபடி என்றே எழுதிவிடுகின்றன. இம்மூன்றாவது உண்மையில் தள்ளுபடியன்று. 'கணக்கு நீக்கம்' என்பதே பொருந்தும். கடை முதலாளி ஒருவர், வாராக் கடனைப் பேரேட்டில் ஓரிடத்தினின்று மற்றோரிடத்திற்கு மாற்றி எழுதுகின்றார். வாங்கினவர் கொடுக்கவேண்டுவது அப்படியே நிற்கின்றது. வங்கி செய்வதும் இதுவே. அரசாங்கத்தின் தள்ளுபடியில் கடன் ஒழிகின்றது. வங்கியின் கணக்கு நீக்கத்தில் கடன் ஒழியவில்லை, கடனாளியின் பெயர்தான் கெடுகின்றது.

'நாணயம்' என்னும் சொல்லோ இன்னும் சுவையுடையது. கையிலுள்ள காசுக்கும் அதுவே பெயர்; வாக்குத் தவறாத குணத்திற்கும் அதுவே பெயர். 'அவர் நாணயஸ்தர்' என்று நம் முன்னோர் சொல்லுவர். அந்நாளில் ஒருவருடைய நாணயத்தை ஊரறியும். கடன் கொடுத்தவர் முகம் வாங்கினவர்க்குத் தெரியும். மழை பொய்த்ததா, வீட்டில் நோயா என்பதும் கொடுத்தவர்க்குத் தெரியும். இந்நாளில் நம் நாணயத்தை எழுதி வைத்திருப்போர் நம்மை ஒருநாளும் கண்டதில்லை.

அவர்கள் யாவர்? நம் தேசத்தில் நான்கு கம்பெனிகள் இவ்வேலையைச் செய்கின்றன. சிபில் என்பது அவற்றுள் ஒன்றின் பெயர். 2000 ஆம் ஆண்டில் தோன்றி முந்திக்கொண்டமையால் அதன் பெயரே எல்லாவற்றுக்கும் பொதுப்பெயராயிற்று. மற்றவை எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்பன. 2005 ஆம் ஆண்டின் கடன் தகவல் நிறுவனச் சட்டம் இவற்றை ஆளுகின்றது. வங்கிகளும் பைனான்ஸ் கம்பெனிகளும் தங்கள் கடனாளிகளின் விவரங்களை இவற்றுக்கு அனுப்பியாக வேண்டும். மகளிர் குழுக்களுக்கு மைக்ரோபைனான்ஸ் கம்பெனிகள் கொடுக்கும் கடனும் அதில் ஏறும். கைப்பேசியில் ஆப் மூலம் வாங்கிய ஐயாயிரமும், கொடுத்தது பதிவுபெற்ற கம்பெனியாயின், ஏறும். உறவினரிடம் வாங்கிய கைமாற்று ஏறாது. மாதந்தோறும் எத்தனை நாள் தாமதமாகச் செலுத்தினீர் என்பதும் அங்கே கட்டங்கட்டமாக இருக்கும். இவையனைத்தையும் கூட்டிக் கழித்து 300 முதல் 900 வரை ஒரு மதிப்பெண் போடுகின்றனர். நாம் பிள்ளைகட்கு மார்க்குப் போடுவதுபோல் இஃது நமக்குப் போடப்படும் மார்க்கு. ஒரு வேறுபாடு: பிள்ளைகளுக்கு விடைத்தாளைத் திருப்பிக் காட்டுகின்றோம்.

விடைத்தாளைக் காணும் உரிமை நமக்கும் உண்டு. பலர் அதனை அறியார். 2017 முதல், இந்நான்கு கம்பெனிகளும் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு ஒருமுறை முழு அறிக்கையைக் கேட்பவர்க்கு இலவசமாகக் கொடுத்தல்வேண்டுமென்பது ரிசர்வ் வங்கியின் கட்டளை. நாமே நம் அறிக்கையைப் பார்ப்பதால் மதிப்பெண் குறைவதுமில்லை. ஆயிரம் ரூபாய் கொடுத்தால் சிபிலைத் திருத்தித் தருவதாகச் சுவரில் நோட்டீசு ஒட்டுவோரிடம் நம் இளைஞர் சிலர் பணத்தைக் கொடுத்து ஏமாந்திருக்கின்றனர். இலவசமாகக் கிடைப்பதைப் பார்ப்பதற்கு இடையில் ஆள் எதற்கு?

பார்க்குங்கால் முதலில் கவனிக்கவேண்டுவது, அதிலுள்ள கடனெல்லாம் நம்முடையனவா என்பது. நம்மவர் பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கமுடையோம், தலைப்பெழுத்தோ ஒன்றிரண்டு. ஒரே தெருவில் ஒரே பெயரினர் மூவர் இருப்பதும் உண்டு. என் நண்பர் ஒருவரின் அறிக்கையில், அவர் கண்ணாலுங் காணாத டிராக்டருக்கு வாங்கிய கடன் பாக்கியாக நின்றது. பிழையைக் கண்டால் அக்கம்பெனிக்கேனும் வங்கிக்கேனும் எழுத்துமூலம் முறையிடலாம். 30 நாளுக்குள் தீர்க்கவேண்டும். தவறின், கடக்கும் ஒவ்வொரு நாளுக்கும் ரூ. 100 வீதம் முறையிட்டவர்க்கு நஷ்டஈடு கொடுத்தல்வேண்டுமென்று 2023 இல் ரிசர்வ் வங்கி கட்டளையிட்டது. நண்பரின் டிராக்டர் இருபத்தைந்தாம் நாள் மறைந்தது.

நிற்க. என் கதைக்கு வருகின்றேன். யான் வங்கிக்குச் சென்று வந்த மூன்றாம் நாள் ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. மிக இனிய குரல். 'சார்' என்று மூன்று சொல்லுக்கு ஒருமுறை அழைத்தது. என் பாக்கி இப்போது ரூ. 68,000 ஆகிவிட்டதென்றும், இன்றே 500 ரூபாய் மட்டும் அனுப்பி, வாட்ஸ்அப்பில் வரும் ஒரு சிறு கடிதத்தில் கையொப்பமிட்டுத் திருப்பி அனுப்பினால் மற்றவற்றைப் பார்த்துக்கொள்ளலாமென்றும் சொல்லிற்று. மகளின் கல்லூரிக் கட்டணத்திற்கு இருபது நாளே இருந்தது. அச்சத்தில் அனுப்பியே விட்டிருப்பேன். அப்போது என் தந்தையாரின் நினைவு வந்தது.

என் தந்தையார் பலசரக்குக் கடை வைத்திருந்தவர். கடைக்குப் பின்னே ஒரு தகரப்பெட்டியில் புரோநோட்டுகள் இருக்கும். ஆண்டில் சில நாள்களில், கடையை என் அன்னையாரிடம் ஒப்புவித்து, வெயிலில் நான்கு மைல் நடந்து ஒரு கடனாளியின் வீட்டிற்குச் செல்வார். அவர்கள் கொடுக்கும் ஐந்து ரூபாயை வாங்கி, நோட்டின் பின்புறத்தில் வரவு எழுதி, கொடுத்தவரின் கையொப்பமும் தேதியும் பெற்றுத் திரும்புவார். ஐந்து ரூபாய்க்காக இவ்வளவு தூரமா என்று சிறுவனாகிய யான் வியப்பேன். நடந்தது ஐந்து ரூபாய்க்காக அன்று, அந்தக் கையொப்பத்திற்காக. மூன்றாண்டு கழிந்தால் நோட்டுச் செத்துவிடும். கழியுமுன் ஒரு வரவும் கையொப்பமும் பெற்றால், அன்று தொட்டு இன்னும் மூன்றாண்டு உயிர் வந்துவிடும். கடைக்காரர் எல்லோரும் இதனை அறிவர். இனிய குரல் என்னிடம் கேட்டதும் அதனைப் போன்றதொரு கையொப்பந்தானே என்று தோன்றிற்று. ஒருநாள் தவணை கேட்டு, நம் சங்கத்து வக்கீலவர்களிடம் ஓடினேன்.

அவர்கள் விளக்கியவற்றை யான் விளங்கிக்கொண்ட வகையிற் சொல்லுகின்றேன். 1963 ஆம் ஆண்டின் காலவரையறைச் சட்டப்படி, ஈடில்லாத கடனுக்கு மூன்றாண்டுக்குள் வழக்குத் தொடுத்தல்வேண்டும். வீட்டையோ நிலத்தையோ அடமானம் வைத்த கடனாயின் அவ்வடமானத்தின்மேல் பன்னிரண்டாண்டு. கோர்ட்டில் தீர்ப்பாகிவிட்டால் அதனை நிறைவேற்றப் பன்னிரண்டாண்டு. கொரோனாக் காலத்தில் 15-3-2020 முதல் 28-2-2022 வரை உள்ள நாள்களைத் தள்ளி எண்ணவேண்டுமென்று உச்ச நீதிமன்றம் கட்டளையிட்டமையால், அக்காலத்திற் சிக்கிய கடன்களுக்கு விரலால் எண்ணிக் கெடுவை முடிவுசெய்தல் கூடாது. மூன்றாண்டு முடியுமுன்னே எழுத்தில் கடனை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டாலும், கையெழுத்துச் சாட்சியோடு ஒரு பகுதியைச் செலுத்தினாலும், புதிதாக மூன்றாண்டு பிறக்கும். இதுதான் என் தந்தையாரின் ஐந்து ரூபாய்.

மூன்றாண்டு முடிந்தபின்னரோ, சிறு தொகை செலுத்தியதனால் மட்டும் செத்த கடன் பிழைப்பதில்லை. ஆனால், 'இக்கடனை யான் செலுத்துகின்றேன்' என்று எழுதிக் கையொப்பமிட்டால், 1872 ஆம் ஆண்டின் ஒப்பந்தச் சட்டம் 25 ஆம் பிரிவின்படி அஃது புதிய ஒப்பந்தமாகிவிடும்; அதன்மேல் வழக்குத் தொடுக்கலாம். எனக்கு வாட்ஸ்அப்பில் வந்த சிறு கடிதத்தில் ரூ. 68,000 ஐயும் தவணை முறையில் தீர்ப்பதாக யான் உறுதிகூறும் வாசகம் இருந்தது. ஐந்நூறு ரூபாய் தூண்டிலின் புழு, கடிதமே முள்.

இங்கே பெரியோர் சிலர் முகம் சுளிப்பதைக் காண்கின்றேன். "காலங் கடந்ததென்று சொல்லி வாங்கின கடனை ஏமாற்றச் சொல்லுகின்றாரோ பண்டிதர்?" என்னும் ஐயம் நியாயமே. 'கடன்' என்னும் சொல்லுக்கு நம் மொழியில் கடமை என்பதும் பொருள். சட்டமும் ஏறக்குறைய இதனையே சொல்லுகின்றது: காலவரையறை கோர்ட்டின் கதவை அடைக்கின்றதேயன்றிக் கடனை அழிப்பதில்லை. ஆதலின், கெடு கடந்த பின்னும் அக்கடன் அறிக்கையில் நிற்கலாம். கோர்ட்டு வேறு, அறிக்கை வேறு. இவ்விரண்டையும் ஒன்றாகக் கருதி, 'மூன்றாண்டு போயிற்று, இனி என்ன' என்று மார்தட்டினவர்கள் பின்பு வீட்டுக்கடன் கேட்கப் போய்த் திரும்பியிருக்கின்றனர்.

அமெரிக்காவிலுள்ள நம் பிள்ளைகள், ஏழாண்டில் எல்லாம் தானே அழிந்துவிடுமென்று தொலைபேசியிற் சொல்லுவர். அவர்கள் இருக்குந் தேசத்திற்கு அது பெரும்பாலும் சரி. அங்கே 1970 ஆம் ஆண்டின் சட்டம் வசூலுக்குப் போன பழங்கடனை ஏழாண்டுக்குமேல் அறிக்கையில் வைக்க விடுவதில்லை. நம் தேசத்தின் விதியோ, குறைந்தது ஏழாண்டு வைத்திருக்கவேண்டுமென்பது. அங்கே உச்சவரம்பு, இங்கே கீழ்வரம்பு. எண் ஒன்றாயிருப்பதால் பொருளும் ஒன்றென்று மயங்கற்க. என் கணக்கு பதினோராம் ஆண்டில் நின்றதே சான்று.

என் அபிப்பிராயத்தை மறைக்காமற் சொல்லுகின்றேன். உண்ட சோற்றுக்கும் உடுத்த துணிக்கும் உரிய முதலைக் கொடுத்தே தீரவேண்டும். சட்டம் கைவிட்டாலும் கொடுக்கவேண்டும். அதன்மேல் ஏறிய வட்டிக்கும் அபராதத்திற்கும் அத்தகைய மரியாதை வேண்டுவதில்லை; அங்கே பேரம் பேசலாம். சென்னை மாகாணத்தில் 1938 இல் வந்த விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம், முதலைப்போல் இருமடங்கு செலுத்தியவரின் கடன் முழுதும் தீர்ந்ததென்று விதித்தது. நம் பாட்டன்மாருள் பலர் அதனால் நிலத்தைக் காப்பாற்றிக்கொண்டனர். அவர்களை நாணயமற்றவரென்று யார் சொன்னார்? கிரெடிட் கார்டுக்கோ அத்தகைய வரம்பில்லை. ஆண்டுக்கு 30 சதவீதத்திற்குமேல் வட்டி கூடாதென்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008 இல் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பரில் நீக்கிவிட்டது. மாதம் மூன்றரை சதவீதம் என்று மெல்லச் சொல்லுவார்கள். ஆண்டுக்குப் பெருக்கிப் பாருங்கள்.

தந்தையின் கடன் பற்றி ஒரு சொல். இறந்தவரின் கடனுக்காக விதவைத் தாயாரையும் பிள்ளைகளையும் அழைத்துப் 'பெற்ற தகப்பன் பெயரைக் காப்பாற்ற மாட்டாயா' என்று கேட்கின்றனராம். தகப்பன் கடனைத் தீர்ப்பது மகனுக்குச் சமயக் கடமை என்று பழைய இந்து சட்டம் கருதியதுண்டு. 2005 செப்டம்பர் 9 இல் நடைமுறைக்கு வந்த வாரிசுரிமைத் திருத்தச் சட்டம், அதற்குப் பின் வாங்கிய கடனுக்கு அக்கடமை ஒன்றையே காரணமாகக் காட்டி மகன்மேலும் பேரன்மேலும் வழக்குத் தொடுக்க விடுவதில்லை. தந்தை விட்டுச்சென்ற சொத்து அக்கடனுக்குப் பொறுப்பாகும். சொத்துக்கு மேற்பட்டதற்கு வாரிசின் சொந்தச் சம்பாத்தியம் பொறுப்பாகாது. உடன்கடனாளியாகவோ ஜாமீனாகவோ கையொப்பமிட்டிருந்தால் கதை வேறு. தாய்மார்கள் இதனை நன்கு நினைவில் வைத்தல்வேண்டும். தொலைபேசியை முதலில் எடுப்பவர் பெரும்பாலும் தாங்களே.

வசூல் ஏஜெண்டுகள் காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைத்தலாகாது. கடனாளியையோ அவர் சுற்றத்தாரையோ நண்பரையோ மிரட்டுதலும் அவமானப்படுத்துதலும் கூடாதென்று 2022 இல் ரிசர்வ் வங்கி மீண்டும் வற்புறுத்தியது. சிறைக்கு அனுப்புவோம் என்பது வெறும் பூச்சாண்டி. கடனைக் கொடுக்க இயலாமை சிவில் விவகாரம்; குற்றமன்று. கொடுத்த காசோலை திரும்பினாலும், பொய்ப் பத்திரம் காட்டிக் கடன் வாங்கியிருந்தாலும், அவை வேறு. கோர்ட்டிலிருந்து சம்மன் வந்தால் மட்டும் ஒருநாளும் அலட்சியம் வேண்டா. கெடு கடந்த கடனென்பதைக் கோர்ட்டில் போய்ச் சொல்லவேண்டும். வீட்டிலிருந்து சொன்னால் ஒருதலைத் தீர்ப்பாகிவிடலாம்.

யான் செய்தது இது. கடிதத்தில் கையொப்பமிடவில்லை. இக்கடன் இப்போது யாருடையது, முதல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, எந்நாளில் தவணை தவறிற்று என்று கேட்டு வங்கிக்குப் பதிவுத் தபால் விடுத்தேன். 'யான் பட்ட கடன்' என்னும் சொல்லை அதிற் சேர்க்காமல், 'என் பேரில் தாங்கள் காட்டும் கணக்கு' என்று எழுதவேண்டுமென்று வக்கீலவர்கள் சொன்னார்கள். சொல்லின் ஆற்றலைத் தமிழாசிரியனுக்கு வக்கீல் கற்பித்தார்! விடை வந்தது. வங்கி அக்கடனை 2016 இல் ஒரு சொத்து மறுசீரமைப்புக் கம்பெனிக்கு விற்றுவிட்டதாம். வாராக் கடனை மலிவாக வாங்கி வசூலிப்பது இத்தகைய கம்பெனிகளின் தொழில். 2002 ஆம் ஆண்டின் சட்டம் அதற்கு இடங்கொடுத்துள்ளது. அறிக்கையை மீண்டும் பார்த்தால், ஒரே கடன் வங்கியின் பேரில் ஒருமுறையும் கம்பெனியின் பேரில் ஒருமுறையுமாக இரண்டாக நின்றது. வெளியிலிருந்து பார்ப்பவர் யான் இருவரிடம் கடன்பட்டவனென்றே எண்ணுவர்.

கம்பெனியார் இரண்டு வழி சொன்னார்கள். ரூ. 20,000 கொடுத்தால் முடித்துக்கொள்வர். ஆனால் அறிக்கையில் 'செட்டில்டு' என்று எழுதுவர். ரூ. 38,000 கொடுத்தால் 'குளோஸ்டு' என்று எழுதுவர். செட்டில்டு என்பது கேட்பதற்கு நல்ல சொல். வங்கியின் அகராதியிலோ, 'இவர் முழுதுங் கொடுக்கவில்லை, கிடைத்ததை வாங்கிக்கொண்டு விட்டோம்' என்று பொருள். இனிக் கடனே வேண்டாத முதியவர்க்கு முன்னது போதும். கையில் வழியில்லாதவர்க்கும் அதுவே நலம். தீராதிருப்பதினும் குறைத்துத் தீர்ப்பது மேல். மகளை வைத்துக்கொண்டு நின்ற எனக்குப் பின்னதே வேண்டியதாயிற்று. என் மனைவியின் ஐந்து பவுன் சங்கிலி கூட்டுறவு வங்கிக்குச் சென்றது. அவள் ஒன்றுஞ் சொல்லவில்லை. பதினோராண்டுக்கு முன் அந்த ரூ. 11,400 ஐக் கட்டச் சொன்னவள் அவளே.

பணங் கொடுக்குமுன் எழுத்தில் வாங்குக என்பதைக் காரியதரிசியவர்கள் அழுத்திச் சொல்லச் சொன்னார்கள். எவ்வளவு கொடுத்தால் கணக்கு எவ்வாறு முடியும், அறிக்கையில் என்ன எழுதப்படும் என்பதைக் கம்பெனியின் தாளில் பெற்றபின்னரே பணம்; அதுவும் கம்பெனியின் கணக்கிற்கே, ஏஜெண்டின் கைப்பேசி எண்ணுக்கன்று. பின்பு பாக்கியில்லாச் சான்று. நாற்பது நாளாகியும் அறிக்கை மாறவில்லை. அறிக்கை நிறுவனத்துக்கு முறையீடு எழுதினேன்; இருபத்தெட்டாம் நாள் கம்பெனியின் கணக்கு 'முடிந்தது' என்றும் வங்கியின் கணக்கு பாக்கியில்லை என்றும் மாறின. அவ்வாறு மாறாதிருப்பின் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். கடன் தகவல் கம்பெனிகளும் 2022 முதல் அவர் வரம்பிற்குள் வந்துள்ளன. முன்பு கணக்கு நீக்கம் நேர்ந்ததென்னும் வடு மட்டும் உடனே மறையவில்லை. முதலாண்டுக் கட்டணத்தை உறவினரிடம் கைமாற்று வாங்கிக் கட்டினோம். இரண்டாமாண்டில் வேறொரு வங்கி கடன் கொடுத்தது. சங்கிலி இவ்வாண்டு தை மாதத்தில் வீட்டிற்குத் திரும்பிற்று.

இளைஞர்க்கு இரண்டு விஷயம். வங்கிப் பணிக்குத் தெரிவு பெற்ற ஒருவரின் கடன் அறிக்கை நன்றாயில்லையென்று அவருடைய நியமனத்தை வங்கி நீக்கியதும், அது செல்லுமென்று 2025 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்ததும் நீங்கள் செய்தித்தாளிற் படித்திருப்பீர்கள். கல்லூரிப் பருவத்திலேயே கைப்பேசியில் மூவாயிரம், நாலாயிரம் வாங்கி மறந்துவிடுவது இனி விளையாட்டன்று.

மற்றொன்று ஜாமீன். நம் குலத்தில், சித்தப்பா கேட்டால், மைத்துனர் கேட்டால், கையொப்பமிட மறுப்பது பெருங் குற்றமாகக் கருதப்படுகின்றது. சட்டமோ, ஜாமீன்தாரர் பொறுப்பும் கடனாளியின் பொறுப்பும் சமமென்கின்றது. வங்கி அவரை விட்டு உங்களிடமே முதலில் வரலாம். அவர் தவறும் ஒவ்வொரு மாதமும் உங்கள் அறிக்கையிலும் ஏறும். கேட்பவர் மனம் நோகுமென்று அஞ்சிக் கையொப்பமிட்டுவிட்டு, ஐந்தாண்டு கழித்து உறவே முறிந்த குடும்பங்கள் இச்சபையிலேயே இருக்கின்றன, பெயர் சொல்லேன். கையொப்பமிடுங்கால், 'இவர் கட்டாவிடின் யான் கட்டுவேனா?' என்று ஒருமுறை மனைவியிடம் கேட்டுவிட்டு இடுங்கள்.

நேரமாயிற்றென்று தலைவரவர்கள் மணியைப் பார்க்கின்றார்கள். அடுத்த மாதம் முதல் இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை மாலை 4 மணிக்கு, சங்கத்தின் வாசகசாலையில் யானும் வக்கீலவர்களும் இருப்போம். வேண்டுவோர் தத்தம் அறிக்கையை அச்சிட்டுக்கொண்டு வரலாம். பழைய கடிதங்களும் ரசீதுகளும் இருந்தால் அவற்றையும் கொண்டு வருக. ஆங்கிலம் வாராத தாய்மார்களுக்கு வரிவரியாகத் தமிழிற் சொல்லித் தருகின்றேன். பின்வாசலும் திறந்திருக்கும்; பலர் காண வரக் கூசுவோர் அவ்வழியே வரலாம், யானும் முதன்முதல் வக்கீலவர்கள் வீட்டிற்கு அவ்வழியே சென்றவன்தான். அறிக்கை எடுக்கும்போது கைப்பேசியில் வரும் ஓடிபி எண்ணை மட்டும் எவரிடமுஞ் சொல்லற்க, என்னிடமுஞ் சொல்லற்க.